அர்பாபின் காடைத் தோட்டம்

சுசீலா முரளிதரனுக்குப் பறவைகள்மேல் தனிப்பட்ட பிரியம் எதுவும் கிடையாது. பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் காடை என்றால் மிளகு போட்டு வறுத்துத் தட்டில் வருவது. அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. கோயம்புத்தூரில் அவர் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்ததற்கும் விலங்குகள் காரணமில்லை. வேதியியலில் இடம் கிடைக்கவில்லை.

கல்யாணமாகி அமீரகத்து அல் ஐனுக்கு வந்தார். கணவர் முரளிதரன் சிமென்ட் கம்பெனியில் கணக்கர். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதை ஏசி ஓடுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்; அவ்வளவு அமைதி. மகள் ஷ்ருதி பிறந்து, வளர்ந்து, ஆங்கிலத்திலேயே அம்மாவைக் கடிந்துகொள்ளும் வயதுக்கு வந்து, துபாயில் வேலைக்குப் போய்விட்டாள். இந்தக் காலம் முழுக்க சுசீலா ஒரு பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஜாடிக்குள் ஊறும் தவளைக்குத் தூசி துடைப்பது, எலும்புக்கூட்டின் விலா எலும்பை ஒட்டவைப்பது, அதன் வாயில் பையன்கள் சொருகும் சூயிங்கத்தை எடுப்பது. ஒரு வருஷம் நிர்வாகம் ஆய்வகத்தை மூடிக் கம்ப்யூட்டர் அறையாக்கியது. எலும்புக்கூடும் சுசீலாவும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள்.

அடுத்த வேலை கொடுத்தவர் சேதுமாதவன். பாலக்காட்டுக்காரர். சனய்யா என்கிற தொழிற்பேட்டையில் டயர் கடைக்கு மாடியில் இரண்டு அறை எடுத்து, வாசலில் சுற்றுச்சூழல் ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்தார். தூசி அளப்பது, பேரீச்சை மரம் எண்ணுவது, ஹோட்டலில் கரப்பான் எந்த வழியாக வருகிறது என்று ஆராய்வது, எல்லாம் செய்வார். யார் என்ன கேட்டாலும் "செய்யலாம்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு எப்படிச் செய்வது என்று சுசீலாவைக் கேட்பார்.

ஒரு பிப்ரவரி மாதக் காலையில் அப்படித்தான் கேட்டார்.

"கேட்டேளா சுசீலா, காடை தெரியுமோ?"

"தெரியுமுங்க சார். வறுவலா, குழம்பா?"

"உயிரோட இருக்கிற காடையாக்கும்."

விஷயம் இதுதான். அல் ஐனுக்குத் தெற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் அபு ஹம்தான் என்ற பெரியவருக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை முதலாளியை அங்கே வேலை செய்கிறவர்கள் அர்பாப் என்பார்கள். ஊரே அப்படித்தான் அவரை அழைத்தது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டமாகக் கடந்துபோகும் காட்டுக் காடைகள் தன் பண்ணையில் இறங்க வேண்டும், தன் வல்லூறை விட்டு நண்பர்கள் முன்னால் அவற்றைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது, நிலம் காடைக்கு ஏற்றதா, எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்று ஒரு மதிப்பீடும் வைக்க வேண்டும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார்.

"காடை இருக்கு, இடம் பிரமாதம்னு எழுதிடுங்கோ. பெரிய மனுஷன். சந்தோஷப்படட்டும்," என்றார் சேதுமாதவன்.

"போய்ப் பாத்துட்டு எழுதறனுங்க."

"பாக்கணும்னா பாருங்கோ. அதிலொண்ணும் தப்பில்லை," என்று அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

சுசீலா அந்த வாரம் முழுக்க இணையத்தில் காடை படித்தார். படித்ததைச் சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் ஒப்பித்தார். காடைக்கு முழங்கால் உயரத்துக்குச் செடி வேண்டும். மேலே அடர்த்தியாக மூடியிருக்க வேண்டும். கீழே, தரையில், ஓடுவதற்கு இடைவெளி வேண்டும். விதை வேண்டும், எறும்பும் புழுவும் வேண்டும், பக்கத்தில் ஈரம் வேண்டும். மருந்து அடிக்கக் கூடாது. பூனை கூடாது. யாரும் சும்மா சும்மா போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.

முரளிதரன் ரசத்தைக் குடித்து முடித்தார். "எனக்கும் இதேதான் வேணும்," என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில், பொழுது விடியும் நேரத்துக்கு, சுசீலா பண்ணையில் போய் இறங்கினார். பழைய சுடிதார், மகள் விட்டுப்போன ஓட்டக் காலணி, முரளிதரனின் கம்பெனித் தொப்பி. வாசலில் பண்ணை மேலாளர் பாண்டித்துரை இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் காத்திருந்தார்.

பாண்டித்துரை தேனிக்காரர். ஒழுங்கு என்றால் உயிர். பாதை ஓரக் கற்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தார். பேரீச்சை மரங்களை நூல் பிடித்து நட்டிருந்தார். ஒரு மரம் கொஞ்சம் சாய்ந்து வளர்ந்த குற்றத்துக்காகக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். அவர் சுசீலாவை நேராகக் காடைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

பெரிய கால்பந்து மைதானம்போல ஒரு புல்வெளி. கம்பளம் மாதிரி மழிக்கப்பட்ட புல். நடுவில் நீரூற்று. அங்கங்கே பாறைகள். சுற்றிலும் சரளைப் பாதை, அரபியிலும் ஆங்கிலத்திலும் பலகை. ஒரு எறும்புகூட அனுமதி கேட்காமல் உள்ளே வர முடியாத சுத்தம்.

இதில் காடை எங்கே ஒளியும் என்று சுசீலா யோசிக்கத் தொடங்கும்போதே சத்தம் கேட்டது. க்விக், க்விக்விக். க்விக், க்விக்விக். ஆண் காடையின் அழைப்பு. வீட்டில் அந்த ஒலிப்பதிவைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் பழகியிருந்ததால் சந்தேகமே வரவில்லை. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன்று. நீரூற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. சுசீலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. படித்ததெல்லாம் பொய்யா, மழித்த புல்லிலும் காடை வாழுமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்தார். பதினொரு புள்ளி வைத்த பிறகு, பக்கத்துப் பாறையிலிருந்து வந்த காடைச் சத்தம் பாதியில் நின்றது. அதே பாறையிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவான ஆங்கிலத்தில், "பேட்டரி லோ," என்றது.

சுசீலா பாறையைத் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக்.

"உள்ள ஸ்பீக்கருங்க மேடம்," என்றார் பாண்டித்துரை, கொஞ்சம் பெருமையாகவே. "ஒரிஜினல் சவுண்டு. மேல போற காடை கேட்டுட்டு எறங்கிரும்."

"எறங்குச்சுங்களா?"

"இன்னும் இல்லைங்க."

ஆனால் அழைப்பைக் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பாறைக்கு முன்னாலும் ஒரு பூனை, பிரசாதம் கிடைக்கும் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தது.

பதினொரு புள்ளியையும் சுசீலா அழித்தார். ஏமாந்த எரிச்சல் அவருக்குக் காது வரைக்கும் ஏறியிருந்தது. அதைப் பார்த்த பாண்டித்துரை, "கோவப்படாதீங்க மேடம். அங்கிட்டு வாங்க, நெசமாவே காடை இருக்கு," என்று தோட்டத்தின் கோடிக்கு அழைத்துப் போனார்.

நிஜமாகவே இருந்தன. முப்பதுக்குக் குறையாது. சுசீலா மெல்ல, வளைந்து, பதுங்கிப் பக்கத்தில் போனார். ஒன்றும் பறக்கவில்லை. எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன, பிறகு அவரை நோக்கி ஓடி வந்தன. ஒன்று காலணிக் கயிற்றைக் கொத்தி இழுத்தது. ஒன்று பால் வெள்ளை நிறம். அந்த நேரம் பார்த்துத் தொழிலாளி ஒருவர் தூரத்தில் ஒரு வாளியை டொக்கென்று கீழே வைக்க, முப்பதும் சுசீலாவை விட்டுவிட்டு வாளியை நோக்கி ஓடின.

"இது காட்டுக் காடைங்களா?"

"காட்டுக் காடைதாங்க. பழகிருச்சு."

"எப்பப் பழகுச்சு?"

பாண்டித்துரைக்குப் பொய் சொல்லத் தெரியுமே தவிர அதைத் தொடர்ந்து சொல்லத் தெரியாது. "நேத்துச் சாயங்காலம்," என்றார். பறவைச் சந்தையில் இரண்டு கூண்டு வாங்கியதையும் அவரே சொல்லிவிட்டார். "அர்பாப் மனசு நோகக் கூடாதுன்னுதான் மேடம். போன வருசத்துல இருந்து தோட்டத்தைப் பாத்துப் பாத்து மனுசன் ஏங்கிப் போயிட்டாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று சுசீலாவுக்குத் தெரியவில்லை. பூனைகளுக்குத் தெரிந்தது. அவை பாறைகளை விட்டு எழுந்து கோடிக்கு வந்து, மதியத்துக்குள் தங்கள் மதிப்பீட்டை முடித்துவிட்டன.

மிச்ச நிலத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. மாட்டுத் தீவனத்துக்கு ஜத் என்கிற குதிரைமசால் போட்டிருந்த வயல்கள் இருந்தன. கணுக்கால் உயரம் வந்தால் போதும், இயந்திரம் விட்டு ஒரேயடியாக வெட்டிவிடுவார்கள், மருந்தும் அடிப்பார்கள். வேலி ஓரம் சவுக்கு. அப்புறம் மணல். நடந்து நடந்து சுசீலா இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தார். அதன் விளைவு பத்து மணிவாக்கில் தெரிந்தது.

"பாத்ரூம் எங்கிருக்குதுங்க?"

பாண்டித்துரையின் முகம் மாறியது. விருந்தினர் மாளிகையில் பளிங்குக் கழிப்பறை இருந்தது. அதன் சாவி அர்பாபின் டிரைவரிடம் இருந்தது. டிரைவர் அபுதாபியில் இருந்தார். தொழிலாளர்களின் கழிப்பறைக்கு ஒரு மேடத்தை அனுப்புவதைவிடத் தேனிக்கே திரும்பிப் போய்விடலாம் என்று பாண்டித்துரை நினைத்தார். "வண்டியில போயி பெட்ரோல் பங்குல... அரை மணி நேரந்தாங்க."

சுசீலாவிடம் அரை மணி நேரம் இல்லை. "அந்தப் பக்கத்தையும் சர்வே பண்ணிட்டு வந்துடறனுங்க. நீங்க வர வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

தொழிலாளர் அறைகளைத் தாண்டினார். லுங்கிகள் காயும் கொடியைத் தாண்டினார். அதற்கு அப்பால், பண்ணையின் மூலையில், யாரும் தொடாத ஒரு புதர்க்காடு இருந்தது. இடுப்பு வரை கோரை, தானாக முளைத்துப் படர்ந்த ஜத், கீரைத்தண்டு, உப்புச்செடி, என்னவென்றே தெரியாத முள். மறைவு என்றால் இதுதான் மறைவு. சுசீலா சுற்றிலும் பார்த்தார், உள்ளே நுழைந்தார், உட்காரப் போனார்.

காலடியிலிருந்து ஏதோ ஒன்று ஃபர்ரென்று வெடித்துக் கிளம்பியது. பழுப்பு உருண்டை ஒன்று தாழ்வாக, நேராக, கல் எறிந்ததுபோலப் பறந்து கோரைக்குள் விழுந்தது. சுசீலா பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தே விட்டார். அந்த அதிர்வில் இன்னும் இரண்டு கிளம்பின. பிறகு ஐந்தாறு சேர்ந்து.

அவர் முதலில் வந்த வேலையை முடித்தார். பிறகுதான் பென்சிலை எடுத்தார்.

சேற்றோடு தவழ்ந்து பார்த்தார். மேலே செடிகள் கூரைபோல மூடியிருந்தன; கீழே தரை வெறுமையாக, சின்னச் சின்னச் சந்துகளாக ஓடியது. மண்ணில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள், பறவை புழுதியில் குளித்த இடங்கள். எச்சம். உதிர்ந்த கீரை விதை. எறும்பு வரிசை வரிசையாக. வீட்டு மேஜையில் ஒப்பித்த பாடம் அப்படியே தரையில் கிடந்தது.

"அக்கா, அங்கன போகாதிய. சேறு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. விழுந்தபோது சுசீலா தமிழில் திட்டியதைக் கேட்டு வந்திருக்க வேண்டும். வீரபாண்டி என்று பேர் சொன்னான். முதுகுளத்தூர்ப் பக்கம். பண்ணையில் பம்பு பார்க்கும் காண்ட்ராக்ட் ஆள். நாற்பது வயது இருக்கும். கையில் பல்துலக்கும் பிரஷ், முகத்தில் குற்றவாளிக் களை.

"இவ்வளவு தண்ணி எங்கிருந்துங்க வருது?"

வீரபாண்டி பல் துலக்கினான். துப்பினான். வேறு வழியில்லாமல் சொன்னான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது மெயின் பைப்பை உடைத்துவிட்டான். சொன்னால் திட்டு விழும் என்று பழைய டியூபைச் சுற்றிக் கட்டினான். அது அன்றிலிருந்து ஒழுகுகிறது.

"பாண்டித்துரை சார் பாக்கலையா?"

"அவரு இந்தப் பக்கம் வரமாட்டாருக்கா. வந்தா தலைவலி வந்துருது அவருக்கு. நாங்களும் சோத்துத் தண்ணிய இங்கனதான் ஊத்துறது. கொஞ்சம் கீரை போட்டோம். அப்புறம் அதும் முடியலைன்னு விட்டாச்சு."

"இந்தக் காடைங்க எப்ப வந்துச்சு?"

"எது, அந்தக் குருவியா? அது பாட்டுக்கு வரும், போவும். நான் எங்கக்கா அதெல்லாம் பாத்தேன்." அவன் கவலை வேறு. "பைப்பப் பத்தி எழுதிப்புடாதிய. அப்புறம் இங்கன வேட்டை அது இதுன்னா ரூம காலி பண்ணச் சொல்லிருவாக. முன்னாடி பழைய கோழி ஷெட்டுலதான் போட்டு வச்சிருந்தாக. இந்த ரூம்லதான் ஏசி இருக்கு."

சுசீலா அறைகளைத் திரும்பிப் பார்த்தார். புதருக்கும் கொடியில் தொங்கிய லுங்கிக்கும் நடுவே நாற்பது அடி இருந்தால் அதிகம். "நான் பொய் எழுத முடியாதுங்க தம்பி," என்றார். வேறெதுவும் அப்போது அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அது அவரை உறுத்தியது. காரின் இருக்கையையும் சேறு பாழாக்கியிருந்தது.

சேதுமாதவன் எல்லாவற்றையும் கேட்டார். "காடைன்னா காடைதானே. சந்தைக் காடை, காட்டுக் காடைன்னு அதுக்கென்ன பாஸ்போர்ட்டா பாக்கப் போறா?" என்றார். பாண்டித்துரை அனுப்பிய தோட்டத்துக் காடைகளின் படத்தை அட்டையில் போட்டு, "மிகச் சிறந்த வாழிடம்" என்று தங்க எழுத்தில் அச்சடித்து, அறிக்கையை அழகாகக் கட்டி வைத்திருந்தார். அட்டைப்படத்தில் முன்னால் நின்றது அந்த வெள்ளைக் காடை. ஓரத்தில் ஒரு பூனையின் வால் தெரிந்தது.

அடுத்த வாரம் இருவரும் அர்பாபின் மஜ்லிஸுக்குப் போனார்கள். நீண்ட கூடம், சுவரோரம் முழுக்க மெத்தை. அபு ஹம்தான் கனத்த உடம்பு, மோசமான முழங்கால், கூர்மையான கண். பக்கத்துக் கட்டையில் முகமூடி போட்ட வல்லூறு உட்கார்ந்திருந்தது. பாண்டித்துரை ஓரமாக நின்றிருந்தார். கஹ்வா என்கிற அரபுக் காபி வந்தது. சேதுமாதவன் அட்டையை நீட்டி, அரபியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்த வளைகுடா மொழியில் பிரமாதம் பிரமாதம் என்றார்.

அர்பாப் அட்டையை வாங்கவில்லை. சுசீலாவைப் பார்த்தார். "நீதானே நடந்து பார்த்தாய். உன் கண்ணால் காடை பார்த்தாயா?"

சேதுமாதவன் தன் ஷூவைப் பார்த்தார்.

"தோட்டத்தில் காடை மாஃபி, இல்லை, அர்பாப்," என்றார் சுசீலா. "இருந்தது சந்தைக் காடை. அதையும் பூனை தின்றுவிட்டது. அந்த ஸ்பீக்கர் பூனைகளுக்குத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது."

பாண்டித்துரை குனிந்து, கம்பளத்தின் குஞ்சங்களை ஒவ்வொன்றாக நேராக்க ஆரம்பித்தார்.

"அப்படியானால் என் நிலத்தில் காடையே இல்லையா?" என்று அர்பாப் கேட்டபோது, அந்தக் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது. வாளியை எதிர்பார்க்கிற காடை மாதிரி இருந்தார் என்று சுசீலா பிற்பாடு வீட்டில் சொன்னார். அந்த நேரத்தில் அவருக்குப் பாவமாக இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறைகளும் தப்பியிருக்கும், பைப்பும் தப்பியிருக்கும். ஆனால் சேற்றில் விழுந்து கண்டுபிடித்ததை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இருக்கு. வேறு இடத்தில்."

அர்பாப் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "யல்லா."

லேண்ட் க்ரூஸரில் எல்லோரும் போனார்கள். புதரைப் பார்த்ததும் பாண்டித்துரைக்கு நிஜமாகவே தலைவலி வந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே இருந்துவிட்டார். அர்பாப் வெள்ளைக் கந்தூரா அங்கி சேற்றில் புரள உள்ளே நடந்தார். ஒரு காடை கிளம்பியது. இன்னொன்று. அவர் அசையாமல் நின்று அவை போய் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கலாஸ், முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை நண்பர்களை அழைக்கிறேன். அந்த அறைகளை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த இடம் செய்யலாம்."

"செய்யலாம்," என்றார் சேதுமாதவன் பழக்கதோஷத்தில்.

"செய்யலாம் அர்பாப்," என்றார் சுசீலாவும். "வெள்ளிக்கிழமை உங்களுக்கு அரை மணி நேரம் வேட்டை கிடைக்கும். சனிக்கிழமை இங்கே ஒன்றும் இருக்காது. வண்டிதான் நிற்கும்."

அர்பாப் திரும்பினார்.

சுசீலா நிறுத்தவில்லை. இந்த மூலை சின்னது. வழிப்போக்கர்களாக வரும் பத்திருபது காடைக்குத்தான் இது போதும். இவை நிற்பதே யாரும் இதைக் கவனிக்காததால்தான். அறையில் இருக்கிறவர்கள் பூனைக்குக் கல் எறிகிறார்கள், அதனால் பூனைகூட இந்தப் பக்கம் வருவதில்லை. வேட்டை வேண்டுமென்றால் இதைத் தொடாமல் விட்டுவிட்டு, அந்தப் பெரிய தோட்டத்தை இப்படி ஆக்க வேண்டும். புல் வெட்டக் கூடாது. மருந்து கூடாது. ஜத்தை ஒரேயடியாக வெட்டாமல் பட்டை பட்டையாக விட்டு வெட்ட வேண்டும். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும். இலையுதிர் காலம் வரை பொறுக்க வேண்டும். அப்போதும் பத்தில் ஒன்றுக்கு மேல் பிடிக்கக் கூடாது.

"இதை இப்படி ஆக்கியது யார்?"

சுசீலா தயங்கினார். அர்பாப் தடியைத் தரையில் தட்டினார். அறை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களில் ஒன்று சட்டென்று உள்ளே போனதை அவரும் கவனித்துவிட்டார். வீரபாண்டியை இழுத்துவராத குறையாகக் கூட்டி வந்தார்கள். ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்ட முகத்தோடு வந்து நின்றான். டியூப் சுற்றி ஒழுகிக்கொண்டிருந்த பைப்பை அர்பாப் தடியால் காட்டினார்.

"பைப்பை உடைத்தது நீயா?"

"ஆமா அர்பாப்."

"ஏன் சொல்லவில்லை?"

"பயம் அர்பாப்."

பெரியவர் புதரைப் பார்த்தார், தூரத்தில் பச்சைக் கம்பளமாய்க் கிடந்த தன் தோட்டத்தைப் பார்த்தார். "இன்னும் எத்தனை பைப் உன்னால் உடைக்க முடியும்?" என்று கேட்டார்.

அப்படித்தான் வீரபாண்டி வாட்டர் இன்சார்ஜ் ஆனான். அறைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நீரூற்றைப் பிடுங்கினார்கள், பாறைகளை ஒரு பள்ளிக்கூட நாடக மேடைக்குக் கொடுத்தார்கள். புல்வெளியில் அங்கங்கே குழாய்கள் கசியவிடப்பட்டன. சேதுமாதவனுக்குப் பழைய வேலையைப்போல மூன்று மடங்கு வேலை கிடைத்தது. சந்தைக் காடையைப் பார்த்ததும் தனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்ததாக எல்லோரிடமும் சொன்னார். அட்டையில் தங்க எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

கஷ்டப்பட்டவர் பாண்டித்துரைதான். ஒரு நிலத்தைக் கவனிக்காமல் விடுவதைக் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மே மாதம் சுசீலா போனபோது களைகளுக்கு நடுவே நூல் கட்டியிருந்தது. "சும்மா ஒரு அளவுக்குத்தாங்க மேடம், வரிசையா வளந்தா என்ன தப்பு?" என்றார். சுசீலா நூலை அறுத்தார். தனக்கென்று என்ன வேண்டும் என்று அர்பாப் கேட்டபோது, சாவி தன் கையில் இருக்கிற மாதிரி ஒரு கழிப்பறை வேண்டும் என்று சுசீலா கேட்டிருந்தார். அதைக் கட்டும் வேலை பாண்டித்துரைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தூக்குக் குண்டு பிடித்து, ஓடு பதித்து, சுற்றிலும் கல் நட்டு வெள்ளை அடித்தார். அந்தப் பக்கத்திலேயே நேரான பொருள் அது ஒன்றுதான்.

கோடை எல்லாவற்றையும் கொளுத்தியது. பாதிக் களை கருகியது. சுசீலா பயந்துபோனார், தூக்கத்தில்கூடக் குழாய் பற்றிப் பேசினார் என்று முரளிதரன் மகளிடம் சொன்னார். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அ பேர்ட்," என்றாள் ஷ்ருதி போனில். "பேர்டு இல்லடி. வெறும் புல்லு. அதுதான் வர மாட்டீங்குது," என்றார் சுசீலா. செப்டம்பர் கடைசியில் கோரை எழுந்தது. அக்டோபரில் ஒரு காலை, பழைய தோட்டத்தின் நடுவில் நடக்கும்போது, காலடியில் ஒன்று கிளம்பியது. சுசீலா இந்த முறை விழவில்லை.

அனுமதி வந்தது; வல்லூறு விட்டு மட்டும் பிடிக்கலாம், அதுவும் கொஞ்சமே கொஞ்சம். வேட்டை நாளன்று மூன்று நண்பர்கள் வந்தார்கள். எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சுசீலா கொடி நட்டிருந்தார். மூலைப் புதரும் அறைகளும் கோட்டுக்கு அப்பால். நண்பர்களின் வல்லூறுகள் ஆளுக்கு இரண்டு காடை பிடித்தன. அர்பாபின் வல்லூறு முதல் காடையைத் தவறவிட்டு, கோபித்துக்கொண்டு காஃப் மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது. இறைச்சியைக் காட்டினார்கள், விசில் அடித்தார்கள். மதியம் வரை இறங்கவில்லை. அர்பாப் மரத்தடியில் நாற்காலி போட்டு, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் நிலத்தில் இன்னும் என்ன குறை?" என்று எரிச்சலோடு கேட்டார்.

"நிலத்தில் ஒரு குறையும் இல்லை அர்பாப். வல்லூறுதான் சரியில்லை," என்றார் சுசீலா.

நண்பர்கள் சிரித்தார்கள். அதனால் அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மார்ச்சில் அவர் மறுபடி வேட்டை கேட்டார். சுசீலா முடியாது என்றார். கூடு கட்டப் போகிற பறவைகள் அவை. வசந்தத்தில் கை வைத்தால் அடுத்த இலையுதிர் காலத்தில் வர ஆள் இருக்காது. அர்பாப் கோபத்தில் சில நாள் போன் எடுக்கவில்லை. சேதுமாதவன் இரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டுக்கொண்டார். பிறகு பாண்டித்துரை மூலம் செய்தி வந்தது: பெரியவர் காலையில் ஃபிளாஸ்க்கோடு வந்து தோட்ட ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

ஒரு நாள் அவரே சுசீலாவுக்குப் போன் செய்தார். காலை உப்புமா கிளறிக்கொண்டிருந்த நேரம்.

"இன்றைக்கு முப்பத்தொன்று. நானே எண்ணினேன்."

"எப்படிப் பறந்தது அர்பாப்?"

"மேலே போய், பாடிக்கொண்டே இறங்கியது."

"தலையில் கொண்டை இருந்ததா?"

"இருந்தது."

"அது வானம்பாடி. காடை பாடிக்கொண்டு இறங்காது."

"என் நிலத்தில் இறங்கும்," என்று சொல்லிவிட்டு அர்பாப் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலை மறுபடி அழைத்து, கொண்டை இல்லாதவை இருபத்தாறு என்றார்.